பத்துப் பட்டுப்புழுக்களும் வீட்டில் ஓய்வெடுக்கும் குழந்தையும்

நாட்றாம்பாளையம் போன்ற மலைக்கிராமங்களிலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஒசூருக்குச் சிகிச்சைக்கு வரும் பெற்றோருக்கு, வீடு திரும்பும் நாளில் ஒரு கவலை எழுவது இயல்பு. "மூன்று வாரம் வெளியே ஓடியாடக் கூடாது என்கிறீர்கள். பிள்ளையை எப்படி வீட்டில் உட்கார வைப்பது?" கைபேசியைக் கொடுத்துவிடுவது எளிய வழி. அதனினும் நல்ல வழி ஒன்று நம் பகுதியிலேயே இருக்கிறது.

ஒசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் மல்பெரித் தோட்டங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையமும் ஒசூரில்தான் உள்ளது. பட்டுப்புழு, மல்பெரி ஆகியவற்றின் பல்வேறு ரகங்கள் அங்குப் பேணப்படுகின்றன. தெரிந்த விவசாயி ஒருவரிடமிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்கள் பத்து கிடைத்தால் போதும். பட்டுப்புழுவுக்குக் கொடுக்கு இல்லை. அரிப்பை உண்டாக்கும் சுணையும் இல்லை.

காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் காகிதம் விரித்துப் புழுக்களை விடுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை ஈரமற்ற, புதிய மல்பெரி இலையை இடுங்கள். பூச்சிமருந்து தெளித்த இலை சிறிதளவே ஆனாலும் புழுவைக் கொன்றுவிடும். எறும்பு, பல்லி ஆகியவை அண்டாத இடத்தில் பெட்டியை வையுங்கள். கழிவை நாள்தோறும் அகற்றுங்கள்.

முட்டையிலிருந்து வெளிவந்த புழு ஏறக்குறைய 25 நாட்களில் நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோது இருந்ததைப்போல் சுமார் 10,000 மடங்கு எடை கூடுகிறது. ஒவ்வொரு தோலுரிப்புக்கும் முன் உண்பதை நிறுத்தி, தலையை உயர்த்தியபடி ஒரு நாள் அளவுக்கு அசையாமல் கிடக்கும். எல்லைக்கு அப்பாலுள்ள கன்னட விவசாயிகள் இந்நிலையை 'ஜ்வர', அதாவது காய்ச்சல் என்றே அழைப்பதுண்டு. அப்போது இலை இடுவதும் தொடுவதும் கூடாது. தானும் காய்ச்சலில் படுத்திருந்த குழந்தைக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இராது.

ஐந்தாம் பருவத்தின் இறுதியில் புழுவின் உடல் மஞ்சள் கலந்த ஒளி ஊடுருவும் நிறம் பெறும். முட்டை அடுக்கும் அட்டைத்தட்டை அருகில் வைத்தால், அதன் குழிகளில் ஏறி இரண்டு மூன்று நாட்களில் கூடு கட்டி முடிக்கும். ஒரு கூட்டில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே இழை. பத்துப் பன்னிரண்டு நாட்களில் வெண்ணிற அந்துப்பூச்சி கூட்டை நனைத்துத் துளைத்து வெளிவரும். அது உண்பதில்லை; பறப்பதும் இல்லை; சில நாட்களில் இறந்துவிடும். பட்டு நூற்கும் இடங்களில் இழை அறுபடாதிருக்கக் கூட்டுப்புழுவை உள்ளேயே வெப்பத்தால் கொன்றுவிடுகிறார்கள். குழந்தை இதைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சாவைப் பற்றிய கேள்வியைக் குழந்தைகள் மனத்தில் அடக்கி வைத்திருப்பதுண்டு. அதைப் பேச இது ஒரு வாயிலாகலாம்.

மருத்துவமும் இந்தப் புழுவுக்குக் கடன்பட்டுள்ளது. பிரான்சு நாட்டின் பட்டுப்புழுக்கள் கொள்ளைநோயால் மடிந்தபோது, 1865இல் லூயி பாஸ்டர் அங்கு அனுப்பப்பட்டார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோய்க்கிருமி இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிடும் முறையை வகுத்தார். இன்றும் அம்முறை பின்பற்றப்படுகிறது. அந்த ஆய்வின் நடுவே, 1868இல், பக்கவாதத்தால் அவருடைய உடலின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டது. எனினும் பணியைத் தொடர்ந்தார். வெறிநாய்க்கடிக்குரிய தடுப்பூசியை 1885இல் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தியது அதற்குப் பின்னர்தான். நம் மாநிலத்தின் குன்னூரில் 1907இல் தோன்றிய நிறுவனம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. புழுவைத் தொடும் முன்பும் பின்பும் சோப்பால் கைகழுவ வேண்டும். முன்பு கழுவுவது புழுவின் நலத்துக்கு, பின்பு கழுவுவது குழந்தையின் நலத்துக்கு. ஆறாத புண், ஆஸ்துமா, ஒவ்வாமை உடைய குழந்தைகளும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் மருத்துவரைக் கேட்ட பின்பே இதில் ஈடுபடலாம். பெட்டியருகே தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசுவுக்கு அதுவே போதும்.

நாட்றாம்பாளையத்தைச் சூழ்ந்துள்ள காடுகள் பாதுகாக்கப்பட்டவை. அங்குள்ள பூச்சிகளைக் கண்ணால் கண்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பளிப்பூச்சியைத் தொடவே வேண்டாம். அதன் சுணை தோலில் பட்டால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை ஒற்றி எடுத்த பின் சோப்பு நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஒரு குறிப்பேட்டையும் குழந்தையிடம் கொடுங்கள். புழுவின் நீளம், உண்ட இலை, தோலுரித்த நாள் ஆகியவற்றை நாள்தோறும் எழுதட்டும். பக்கத்திலேயே தன் காய்ச்சலின் அளவையும், மருந்து உண்ட வேளையையும் குறிக்கட்டும். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது அந்தக் குறிப்பேட்டை மறவாமல் எடுத்து வாருங்கள். இரண்டு பக்கங்களும் மருத்துவருக்குப் பயன்படும்.