தரவுத்தளத்துக்கும் பதிப்பு எண் உண்டு: பழைய தரவு தொலையாமல் செயலியைப் புதுப்பிக்கும் முறை



எஸ்.பி.எம். கணினி அறிவியலில் தரவுத்தளம் வடிவமைக்கப் படிக்கிறோம். அட்டவணை வரைகிறோம், முதன்மைத் திறவுகோலைக் குறிக்கிறோம், எஸ்கியூஎல் கட்டளை எழுதுகிறோம். ஆனால் செயலியை நாலு பேர் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் உண்மையான சோதனை வரும். "இதையும் சேருங்கள், அதை மாற்றுங்கள்" என்று கேட்பார்கள். அட்டவணையை மாற்றியாக வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் தரவு ஒன்றுகூடக் கெடக்கூடாது. இதற்கான வழியைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஸ்கீமா என்றால் என்ன?

ஸ்கீமா என்றதும் நமக்கு விடைத்தாள் திருத்தும் ஸ்கீமாதான் நினைவுக்கு வரும். இது வேறு. ஒரு தரவுத்தளத்தில் என்னென்ன அட்டவணைகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் என்னென்ன புலங்கள் உள்ளன, எந்தப் புலம் எண், எது எழுத்து என்று சொல்லும் வரைபடமே தரவுத்தள ஸ்கீமா. புலம் என்பது நீங்கள் மலாயில் 'மெடான்' என்று படித்தது. பதிவு என்பது 'ரெக்கோட்'.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு ஒரு கைப்பேசிச் செயலி. அதில் 'உறுப்பினர்' என்று ஓர் அட்டவணை.

- பதிப்பு 1: எண், முழுப்பெயர், வகுப்பு
- பதிப்பு 2: பெற்றோர் தொலைபேசி எண் சேர்கிறது
- பதிப்பு 3: தன்பெயர், தந்தை பெயர் என்று இரண்டு புலங்கள் சேர்கின்றன

செயலியின் நிரலை நாம் எழுதுகிறோம். ஆனால் தரவு நம்மிடம் இல்லை. அது ஒவ்வோர் ஆசிரியரின் கைப்பேசியிலும் இருக்கிறது. ஒருவர் இன்னும் பதிப்பு 1-இல் இருப்பார், இன்னொருவர் பதிப்பு 2-இல். புதிய நிரல் போய் இறங்கும்போது அங்கே எந்த ஸ்கீமா இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

பதிப்பு எண் எங்கே இருக்கிறது?

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உள்ள எஸ்கியூலைட், 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட தரவுத்தள மென்பொருள். அதில் முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் 'யூசர் வெர்ஷன்' என்ற எண்ணுக்காக 4 பைட் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. புதிய கோப்பில் அது 0. எஸ்கியூலைட் அந்த எண்ணைத் தன் வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. செயலி எழுதுபவருக்காகவே விட்டு வைத்திருக்கிறது.

ஆண்ட்ராய்டின் 'எஸ்கியூலைட் ஓப்பன் ஹெல்ப்பர்' அந்த எண்ணைப் படித்துப் பார்க்கும். 0 என்றால் புதிய தரவுத்தளம். 'ஆன் கிரியேட்' பகுதி ஓடும். நிரலில் உள்ள எண்ணைவிடக் குறைவு என்றால் பழைய தரவுத்தளம். 'ஆன் அப்கிரேட்' பகுதி ஓடும். இரண்டும் சமம் என்றால் ஒன்றும் செய்யாது. அவ்வளவுதான்.

படி தாண்டக்கூடாது

'ஆன் அப்கிரேட்' பகுதியை இப்படி எழுதலாம்:

1. பழைய எண் 2-ஐவிடக் குறைவு என்றால், தொலைபேசிப் புலத்தைச் சேர்.
2. பழைய எண் 3-ஐவிடக் குறைவு என்றால், இரண்டு பெயர்ப் புலங்களைச் சேர். பிரிக்க முடிந்த பெயர்களைப் பிரித்து நிரப்பு.

பதிப்பு 2-இல் உள்ள ஆசிரியருக்கு இரண்டாவது படி மட்டும் ஓடும். ஓராண்டாகப் புதுப்பிக்காமல் பதிப்பு 1-இலேயே இருந்தவருக்கு இரண்டு படிகளும் வரிசையாக ஓடும். இப்போதுதான் செயலியை இறக்கியவருக்கு எதுவும் ஓடாது. அவருக்கு 'ஆன் கிரியேட்' நேராகப் பதிப்பு 3-இன் அட்டவணையை உருவாக்கிவிடும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை 'இல்லையென்றால்' என்று தொடங்கி எழுதினால், பதிப்பு 1-இல் இருந்தவருக்கு முதல் படி மட்டும் ஓடி நின்றுவிடும். அவருடைய அட்டவணையில் பெயர்ப் புலங்கள் இருக்காது. பதிப்பு எண் மட்டும் 3 ஆகியிருக்கும். நிபந்தனைகள் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

வெளியிட்ட படியைத் திருத்தாதீர்கள்

பதிப்பு 2 வெளியாகிவிட்டது. பிறகுதான் மின்னஞ்சல் புலமும் வேண்டும் என்று தெரிகிறது. 'முதல் படியிலேயே சேர்த்துவிடலாமே' என்று தோன்றும். சேர்த்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே அந்தப் படியைக் கடந்தவர்களுக்கு அது மறுபடி ஓடாது. அவர்களிடம் மின்னஞ்சல் புலம் இல்லை. பிந்தி வந்தவர்களிடம் உண்டு. எண் ஒன்று, வடிவம் இரண்டு. பிறகு செயலி சிலரிடம் ஓடும், சிலரிடம் நின்றுவிடும். காரணத்தைத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆகவே, புதிய மாற்றம் வந்தால் புதிய எண், புதிய படி. பெரிய நிறுவனங்களில் பயன்படும் 'ஃபிளைவே' என்ற கருவி இந்த விதியைத் தானே காவல் காக்கிறது. ஒவ்வொரு படியையும் எண்ணிட்ட தனிக் கோப்பாக வைத்து, ஓடி முடிந்த படிகளை ஓர் அட்டவணையில் பதிகிறது. கூடவே அந்தக் கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் குறித்துக்கொள்கிறது. யாராவது பழைய கோப்பைத் திருத்தினால் எண் ஒத்துப்போகாது. பிழை காட்டி நின்றுவிடும்.

பெயரைப் பிரிப்பது எளிதா?

தொலைபேசிப் புலத்தைச் சேர்ப்பது எளிது. பழைய பதிவுகளில் அது காலியாக இருக்கும், பிறகு நிரப்பலாம். 'காலியாக இருக்கக்கூடாது' என்று நிபந்தனை போட்டு, இயல்பு மதிப்பும் தராவிட்டால் எஸ்கியூலைட் அந்தக் கட்டளையை ஏற்காது.

பதிப்பு 3 அப்படியல்ல. 'கவிதா ஏ/பி முருகன்' என்ற பெயரை 'ஏ/பி' இருக்கும் இடத்தில் வெட்டலாம். ஆண் பிள்ளைகளுக்கு 'ஏ/எல்'. ஆனால் சிலர் பெயரில் 'டி/ஓ', 'எஸ்/ஓ' என்றிருக்கும். சிலருக்கு இடையில் குறியே இருக்காது. தட்டச்சு செய்தவர் சாய்கோட்டை விட்டிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு 'முதல் சொல் தன்பெயர், கடைசிச் சொல் தந்தை பெயர்' என்று வெட்டினால், 'தமிழ்ச் செல்வி' என்ற பிள்ளை வெறும் 'தமிழ்' ஆகிவிடுவாள். பெயர் என்பது அடையாள அட்டையிலும் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியது. ஸ்கீமா மாற்றத்தில் தரவு கெடுவது என்றால் இதுதான். செயலி பிழை காட்டாது. பெயர் மட்டும் தவறாகிப் போகும்.

பாதுகாப்பான வழி இது:

1. புதிய புலங்களைச் சேருங்கள். முழுப்பெயர்ப் புலத்தைத் தொடாதீர்கள்.
2. குறி தெளிவாக இருக்கும் பெயர்களை மட்டும் பிரித்து நிரப்புங்கள். மற்றவற்றைக் காலியாக விடுங்கள்.
3. காலியாக உள்ளவற்றைப் பட்டியலிட்டு, ஆசிரியரே பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.
4. பழைய புலத்தை நீக்கியே ஆகவேண்டும் என்றால், எல்லாம் சரிபார்த்த பிறகு அடுத்த பதிப்பில் நீக்குங்கள்.

சேர்ப்பதும் நீக்குவதும் ஒரே பதிப்பில் வேண்டாம். நீக்கிய புலத்தின் தரவை அடுத்த படி எழுதித் திரும்பப் பெற முடியாது.

பாதியில் நின்றால்?

ஆண்ட்ராய்டின் அந்த ஹெல்ப்பர் எல்லாப் படிகளையும் ஒரே பரிவர்த்தனையாக ஓட்டுகிறது. நடுவில் பிழை வந்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பதிப்பு எண்ணும் மாறாது. பள்ளித் திட்டப்பணிகளில் பலர் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் அப்படியல்ல. அட்டவணை வடிவத்தை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கட்டளை ஓடியதும் அதுவரை செய்தவை நிலையாகிவிடும். 'ரோல்பேக்' என்று சொன்னாலும் திரும்பாது. அதனால் மைஎஸ்கியூஎல்-இல் மாற்றம் செய்யும் முன் நகல் எடுத்தே தீர வேண்டும்.

சோதித்துப் பார்க்கும்போது வெற்றுத் தரவுத்தளத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். அங்கே 'ஆன் கிரியேட்' மட்டுமே ஓடும். மேம்படுத்தும் படிகள் ஓடவே ஓடா. ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும்போது, கற்பனைப் பெயர்கள் நிரப்பிய ஒரு கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். பதிப்பு 1 கோப்பு, பதிப்பு 2 கோப்பு இரண்டிலும் புதிய செயலியை ஓட்டி, பதிவுகளின் எண்ணிக்கை முன்பும் பின்பும் ஒன்றா என்று பாருங்கள்.

பயிற்சி வினா

ஒரு செயலியில் கைப்பேசி எண்ணை முழு எண்ணாகச் சேமித்திருக்கிறார்கள். அதனால் '012' என்று தொடங்கும் எண்கள் '12' என்று தொடங்குகின்றன. அடுத்த பதிப்பில் இதை எப்படிச் சரிசெய்வீர்கள்?

விடைக்குறிப்பு: எஸ்கியூலைட்டில் இருக்கும் புலத்தின் வகையை 'ஆல்டர் டேபிள்' கொண்டு நேரடியாக மாற்ற முடியாது. ஆகவே எழுத்து வகையில் புதிய புலம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய மதிப்பின் முன்னால் '0' இட்டு அதில் நகலெடுக்க வேண்டும். '60' என்று நாட்டுக் குறியோடு தொடங்கும் எண்களுக்கு '0' இடக்கூடாது. காலியாக உள்ளவை காலியாகவே இருக்க வேண்டும். பதிப்பு எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். பழைய புலத்தை இந்தப் பதிப்பில் நீக்கக்கூடாது.

ஆசிரியர்கள் இவ்வினாவைக் குழு நடவடிக்கையாகத் தரலாம். ஒவ்வொரு குழுவும் பத்து எண்களை எழுதிக் கொடுத்து, அடுத்த குழுவின் படிகள் அவற்றில் எதையாவது கெடுக்கிறதா என்று சோதிக்கட்டும்.