பழம்பொருளும் வீட்டழகும்

என் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரே ஒரு பொருள்தான் மாட்டப்பட்டிருக்கிறது. அது நான்கு விரல் அகலமும் இரண்டு சாண் நீளமும் உள்ள ஒரு பட்டுத் துண்டு. அரக்கு நிற உடலில் சிறிது பகுதியும், அதை ஒட்டிய பச்சைக் கரையும், கரையில் ஓடும் மூன்று சரிகைக் கோடுகளும் அதில் தெரியும். வருகிறவர்களிற் சிலர், "இவ்வளவு பெரிய சுவருக்கு இவ்வளவு சிறிய துணியா?" என்று கேட்பதுண்டு. மாணவ நண்பர்களே, பழம்பொருள்களைக் கொண்டு வீட்டை எளிமையாக அழகு செய்வது எப்படி என்பது இன்றைய பேச்சின் பொருள். அந்தத் துணி சுவருக்கு வந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாயார் 1991ஆம் ஆண்டில் காலமானார். மறு ஆண்டு போகிக்கு முன்பு வீட்டைத் துப்புரவு செய்தோம். பாலாற்றங்கரையிலுள்ள எங்கள் செவிலிமேட்டிலும், காஞ்சிபுரத்துத் தெருக்களிலும், பழைய பட்டுப் புடவை வாங்குவதாகக் கூவிக்கொண்டு வியாபாரிகள் வருவது அன்று வழக்கம். அப்படி ஒருவர் வந்தார். மடிப்புகளில் இற்றுப்போயிருந்த அம்மாவின் கூறைப் புடவையை எடுத்துக் கொடுத்தேன். அவர் திண்ணையில் அமர்ந்து, புடவையின் ஓரத்தில் ஒரு கீற்றைக் கத்தரித்து, ஒரு சரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டினார். மேற்பூச்சு நீங்கியதும் உள்ளே சிவப்பு நூல் தெரிந்தது. "அசல் சரிகைதான், வாத்தியாரய்யா" என்று சொல்லி, எடை போட்டு, நியாயமான விலையே கொடுத்தார்.

பொங்கலுக்கு என் தங்கை வந்தாள். வந்ததும் அம்மாவின் கூறைப் புடவை எங்கே என்றுதான் கேட்டாள். நான் அந்த வியாபாரியின் பட்டறையைத் தேடி ஓடினேன். பத்துப் பன்னிரண்டு புடவைகளின் வெள்ளி ஒரே கட்டியாக உருகி அங்கே இருந்தது. அதில் எங்கள் அம்மாவினுடையது எது என்று சொல்ல அவராலும் ஆகவில்லை, என்னாலும் ஆகவில்லை. வீடு திரும்பியபோது, திண்ணை ஓரத்தில் அந்தக் கத்தரித்த கீற்று மட்டும் கிடந்தது.

அந்த வியாபாரியின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. விற்றவன் நான். ஆயினும் உருகியது என்ன, தப்பியது என்ன என்பதை நீங்கள் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் பூசிய இழை. பொன்னின் அளவு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, மதிப்பெல்லாம் வெள்ளியில்தான். புடவையைக் கொளுத்தினால் பட்டு கருகும். பட்டு நம் தலைமயிரைப் போலவே புரதம் ஆதலால், எரியும்போது மயிர் கருகும் நாற்றமே எழும். எஞ்சிய சாம்பலோடு வெங்காரம் சேர்த்து மூசையிலிட்டு உருக்கினால் வெள்ளி பிரிந்துவிடும். உலோகம் வீணாகவில்லை, அது மறுபடியும் கம்பியாகி, மறுபடியும் சரிகையாகலாம். ஆனால் அந்தப் புடவையின் உடலையும் கரையையும் வேறு வேறு நாடாக்களால் நெய்து, ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றோடொன்று கோத்து வாங்கிய கோர்வை வேலை இருந்ததே, அது போயிற்று. உடலின் பாவு இழைகள் ஒவ்வொன்றோடும் முந்தியின் பாவு இழையைக் கையால் இணைத்த பிட்னி வேலையும் போயிற்று. பொருள் மீண்டது, தொழில் அழிந்தது.

இந்த வேறுபாட்டைக் குறிக்க மேல்நாட்டார் இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். பொருளை உடைத்தும் உருக்கியும் மூலப்பொருளாக்குவது ரீசைக்கிளிங். பொருளின் வேலைப்பாடு கெடாமல், முன்னினும் உயர்ந்த பயனுக்கு அதைக் கொண்டுவருவது அப்சைக்கிளிங். இரண்டாவது சொல்லை 1994ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ரைனர் பில்ஸ் என்பவர் ஒரு பேட்டியில் எடுத்தாண்டார். அதன்பின் அது பரவிற்று. கட்டடங்களை இடிக்கும்போது நல்ல செங்கல்லையும் நொறுக்கிவிடுகிறார்களே என்பது அவருடைய ஆதங்கம். சொல் புதிதே ஒழியச் செயல் புதிதன்று. வங்காளத்துப் பெண்கள் பழம் புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலிட்டுக் காந்தா என்னும் போர்வையாக்கினர். ஜப்பானிய உழவர் கந்தலுக்குமேல் கந்தல் வைத்துத் தைத்த போரோ ஆடைகளை இன்று அருங்காட்சியகங்கள் வாங்கி வைக்கின்றன. நம் வீடுகளில் குழந்தைக்குத் தூளி கட்டப் பாட்டியின் பழம் புடவையைத் தேடியதும் இவ்வகையைச் சேர்ந்ததே. புதுத் துணியின் முரட்டுத்தன்மை அதில் இராது.

இனி, அந்தக் கீற்றை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று சொல்கிறேன். இதை உங்கள் வீட்டிலும் செய்யலாம். பட்டுக்குப் பகைவர் இருவர்: வெயிலும் மடிப்பும். வெயில் பட்டை நிறம் மங்கச் செய்து பொடியாக்கும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் இழை அந்த இடத்திலேயே முறியும். ஆகையால் நேர் வெயில் படாத சுவரைத் தேர்ந்தேன். வெளுத்த பருத்தித் துணியை ஒரு பலகையின்மேல் இழுத்துக் கட்டி, பட்டை அதன்மேல் வைத்து, மெல்லிய நூலால் ஓரங்களில் தைத்தேன். பசை கூடாது, பசை காலப்போக்கில் கறையாகும். கண்ணாடி பட்டின்மேல் படாதபடி சட்டத்தினுள் ஒரு விரற்கடை இடைவெளி விட்டேன். சரிகை கறுத்திருந்தது. அது அழுக்கு அன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி கூடியதனால் உண்டாகும் கருமை. தேய்த்தால் பொன் முலாம் போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மற்றொரு செய்தி. இற்றுப்போன புடவையிலிருந்து கரையை மட்டும் எடுத்துச் சட்டமிட விரும்புவோர், கரையும் உடலும் சேரும் கோட்டிலேயே கத்தரியை ஓட்டிவிடுகிறார்கள். அந்தக் கோடுதான் கோர்வை; காஞ்சிப் பட்டின் உயிர்நிலை அது. உடலில் நான்கு விரல் சேர்த்து வெட்டினால்தான் எதைக் காப்பாற்றினோமோ அது கண்ணுக்குத் தெரியும். இற்றுப்போகாத நல்ல புடவையைத் தலையணை உறையாக வெட்டுவது வேறு கதை. கடைகளில் அதற்கு அழகான பெயரெல்லாம் சொல்கிறார்கள். உடுக்கத் தகுந்ததை உடுப்பதே முறை என்பது என் கட்சி.

பட்டைப் பற்றி இவ்வளவு சொன்னவன் தறியைப் பற்றிச் சொல்லாமற் போகலாகாது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஒரு காலத்தில் நடந்தால், வீட்டுக்கு வீடு தறி ஓசை கேட்கும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருப்பார்கள். இன்று நெசவாளர் வீட்டு இளைஞர் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அதில் தவறு காண எனக்கு உரிமை இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஆனால் தறிக்குழியை மூடித் தரை போடும்போது, தறியின் உறுப்புகள் விறகு விலைக்குப் போகின்றன. நெய்த துணியைச் சுற்றும் படமரம், இழைகளை ஒழுங்கு செய்யும் அச்சு, நாடா, மிதிகட்டை எல்லாம் அவற்றில் அடக்கம்.

அப்படிப் போகவிருந்த ஒரு படமரத்தை நான் வாங்கினேன். உளுத்திருக்கிறதா என்று கைப்பிடிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. இரண்டு கருங்கல் துண்டுகளின்மேல் அதைக் கிடத்தி, ஆளிவிதை எண்ணெய் பூசினேன். இப்போது அது வாசலில் செருப்பு அவிழ்க்க உட்காரும் இருக்கை. வண்ணம் பூசச் சொன்னார்கள், நான் இசையவில்லை. நெசவாளரின் வயிறும் கையும் பல ஆண்டுகள் உராய்ந்ததனால் அந்த மரத்தின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கிறது. எந்த மெருகுக்காரனும் அதைச் செய்ய முடியாது. பழம்பொருளை வீட்டில் வைப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே வண்ணம் பூசப்பட்ட பழங்கதவு, பழ நாற்காலி ஆகியவற்றை வாங்கினால் எச்சரிக்கை வேண்டும். முற்காலத்து வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டினால் எழும் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். உள்ளபடி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் வாங்காதீர்கள்.

இங்கே எளிமை என்னும் செய்தி வருகிறது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உண்டு. பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள், எனாமல் பாத்திரங்கள், மரப் பெட்டிகள் என்று கண் கொள்ளாத காட்சி. அங்கே போகிறவர்களுக்கு ஆசை பெருகுகிறது. இரண்டு அறை வீட்டில் நான்கு தூணும், ஏழு பெட்டியும், ஒன்பது பித்தளைச் செம்பும் வந்து சேர்ந்தால், அது வீடாக இராது. அந்தத் தெருவின் பத்தாவது கடையாகவே இருக்கும். என் நண்பர் ஒருவர் வீட்டில் நான் காப்பி டம்ளரை வைக்க இடம் தேடித் திண்டாடியிருக்கிறேன்.

நம் பழைய வீடுகள் இப்படி இருந்தனவா? கூடத்தில் ஓர் ஊஞ்சல். சுவரில் ஒரு மாடக்குழி. அதில் ஒரு விளக்கு. மற்ற இடமெல்லாம் மனிதர் உட்காரவும் படுக்கவும்தான். ஜப்பானிய வீடுகளில் டோகோனோமா என்று ஒரு மாடம் உண்டு. அதில் ஒரு சுருளோவியமும் சிறிது மலரும் மட்டும் வைத்து, பருவத்துக்கு ஏற்ப மாற்றுவார்கள். மற்றவை பெட்டியில் உறங்கும். சேவாகிராமத்தில் காந்தியடிகள் வாழ்ந்த குடிசையின் மண் சுவரில் மீரா பென் பனை மரங்களைப் புடைப்பு வேலையாக அமைத்தார். அலங்காரம் அந்த அளவோடு நின்றது. சுற்றிலும் வெற்றிடம் இருந்தால்தான் ஒரு பொருள் பேசும். வகுப்பில் நாற்பது பேர் ஒருங்கே பேசினால் எவர் குரலும் கேளாது என்பதை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டவன்.

கூடவே சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், சிலை, கைவினைப் பொருள் முதலியன தொல்பொருள் ஆகும். தகுதியுள்ள கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். அவற்றில் அரசு குறிப்பிட்ட வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். தனியார் எதையும் அயல்நாட்டுக்கு அனுப்பக் கூடாது. எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று தெரியாத சிலையையோ தேர்ச் சிற்பத்தையோ, விலை மலிவு என்பதற்காகத் தொடவே தொடாதீர்கள். கோயில் நகரத்தில் வாழும் நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்மையில் ஒரு கல்லூரி மாணவர், தம் பாட்டனார் வீட்டு ஓலைச்சுவடியைப் பிரித்து, ஓலைகளைத் தனித்தனியே சட்டமிடலாமா என்று கேட்டார். "பிரிக்காதே, அப்பா! சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ, உ.வே. சாமிநாதையர் நூலகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டு" என்றேன். போனாரா என்று அடுத்த முறை பார்க்கும்போது கேட்க வேண்டும்.

முழு வீட்டையே காப்பாற்றிய இடத்தைக் காண விரும்பினால், முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குச் செல்லுங்கள். இடிபட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து, முன்பு இருந்தவாறே அங்கே எழுப்பியிருக்கிறார்கள். பட்டு நெசவாளர் வீடும் அவற்றில் உண்டு.

என் வீட்டில் சொல்லாமல் விட்ட பொருள் இன்னும் ஒன்றுதான். பின்னறை ஜன்னலுக்குத் திரைச்சீலை கிடையாது. ஜக்கார்டு அட்டைகள் தொங்குகின்றன. 1804ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஜோசப் மாரி ஜக்கார்டு அமைத்த பொறியின் அட்டைகள் அவை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை உயரும். துளை இல்லாத இடத்தில் இழை தாழ்ந்தே நிற்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை; அட்டைகளை நூலால் வரிசையாகக் கோத்தால் ஒரு முழு உருவம் நெய்யப்படும். துளை உண்டு, இல்லை என்னும் இதே முறையைக் கொண்டு, ஹாலரித் என்பவர் 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கட்கணக்கைப் பொறியால் எண்ணினார். கணிப்பொறி படிக்கும் மாணவர்கள் இந்த வழியை அறிவார்கள்.

மாலையில் மேற்கு வெயில் அந்தத் துளைகளின் வழியே தரையில் புள்ளி புள்ளியாக விழும். ஒருநாள் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் வந்தவர், அட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். "இது அன்னம், சார். ஆனால் கழுத்து வரைக்கும்தான் அட்டை இருக்கிறது. தலையும் அலகும் இல்லை" என்றார். மீதி அட்டைகள் வேறு எந்த வீட்டுப் பரணிலாவது இருக்கக் கூடும் என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.