கரிக்காத உப்பு

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு நைட் ஷிஃப்ட் போகிறவர்களில், சர்வர்களைப் பராமரிக்கும் 'சிஸ்டம் அட்மின்'களும் உண்டு. இந்தத் தொழிலில் இரண்டு கட்சி. நாற்பது சர்வர்களில் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ஒருவர் ஒவ்வொன்றிலும் லாகின் செய்து, கட்டளை அடித்து, பதிலைப் படித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். இன்னொருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கட்டளைகளை வரிசையாகக் கோத்து ஸ்கிரிப்ட் எழுதுவார். எழுதி முடித்தால் இரண்டே நிமிடம், நாற்பதும் முடிந்துவிடும்.

கோடிங் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர் என்று தோன்றும். ஆனால் 2015 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். லினக்ஸுக்கான 'ஸ்டீம்' விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்டில், ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகிவிட்டது. 'இந்த ஃபோல்டரில் உள்ளதை அழி' என்ற வரி, 'எல்லாவற்றையும் அழி' என்றானது. பயனரின் சொந்தக் கோப்புகளும் போயின. அந்த வரிக்குப் பக்கத்தில், பயமாக இருக்கிறது என்று எழுதியவரே குறித்தும் வைத்திருந்தார்! கை செய்த தப்பு முதல் மெஷினோடு நிற்கும். ஸ்கிரிப்ட் செய்த தப்பு நாற்பதையும் பார்த்துவிட்டுத்தான் ஓயும்.

இதற்கு ஒரு வழியை ஆஸ்லோவில் இருந்த மார்க் பர்கஸ் 1993இல் உருவாக்கிய 'சிஎஃப்இன்ஜின்' என்ற மென்பொருள் காட்டியது. 'குழம்பில் ஒரு ஸ்பூன் உப்பு போடு' என்று ஸ்கிரிப்ட் எழுதினால், இரண்டாம் முறை ஓடும்போது குழம்பு கரிக்கும். 'உப்பு சரியாக இருக்கட்டும்' என்று எழுதினால், முதலில் ருசி பார்க்கும். குறைந்தால் மட்டுமே போடும். எத்தனை முறை ஓடினாலும் முடிவு ஒன்றே. இந்தக் குணத்துக்கு 'ஐடெம்போடன்ஸ்' என்று பெயர். 2012இல் வந்த 'ஆன்சிபிள்' மென்பொருள் வரை இந்த வழிதான்.

ருசி பார்த்துவிட்டுப் போடுவது யாருடைய பழக்கம்? கையால் செய்கிற அந்த முதல் ஆளுடையது. அவருடைய நிதானத்தைக் கோடிங்கில் எழுதி வைத்தால் அதுவே நல்ல ஸ்கிரிப்ட்.

எழுதாமல் விட்டால்? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. பக்கத்து முடிச்சூரில் வெள்ளத்தால் மாடியில் மாட்டிக்கொண்ட ஒருவரின் தலைக்குள் மட்டும் அந்த நாற்பது சர்வர்களின் சூட்சுமம் இருந்திருந்தால், படகு வரும்வரை சர்வர்களும் காத்திருக்க வேண்டியதுதான்.