கர்ப்பிணிக்கு எச்ஐவி என்றால் குழந்தைக்கும் வந்துவிடுமா?

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி என்று இந்தப் பக்கத்து அரசு மருத்துவமனை எதில் கர்ப்பத்தைப் பதியப் போனாலும், ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றோடு எச்ஐவியும் பார்ப்பார்கள். கூடவே சிபிலிஸ், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி. விரல் நுனியில் ஒரு குத்து, பட்டையில் ஒரு சொட்டு ரத்தம், அரை மணி நேரத்துக்குள் கோடு தெரிந்துவிடும். அந்தக் கோடு மட்டுமே முடிவல்ல. வேறு வகைப் பரிசோதனைகளிலும் உறுதியானால்தான் தொற்று என்று சொல்வார்கள். "எங்க ஊட்டுப் பொண்ணுக்கு எதுக்குங்க அந்த டெஸ்டு?" என்று கூட வந்த மாமியார் கேட்பது இன்றைக்கும் நடக்கிறது. கேள்வியில் தப்பில்லை. பதிலைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

பதில் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறது. 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் தமிழ்நாடு நாட்டிலேயே பாதிப்பு அதிகமுள்ள ஆறு மாநிலங்களில் ஒன்றாகிவிட்டது. அதற்குள்ளும் சேலம், நாமக்கல் இரண்டும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பட்டியலில் முதல் வகை, அதாவது மிக அதிகக் கவனம் தேவைப்படும் மாவட்டங்களாக இருந்தன. 1997 தொடக்கத்தில்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனியாக இயங்கத் தொடங்கிய சின்ன மாவட்டம் நாமக்கல். முட்டைக்கும் லாரிக்கும் பெயர்போன ஊர், மூன்றாவதாக இந்தப் பெயரையும் சுமந்தது.

காரணம் லாரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. இங்கே பாடி கட்டும் பட்டறை இருக்கிறது, டேங்கர் இருக்கிறது, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆந்திராவையும் மத்தியப் பிரதேசத்தையும் துளைத்துக்கொண்டிருக்கிறது. லைனுக்குப் போன ஆண் வீடு திரும்ப வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அப்படி ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைக்கும் எந்தத் தொழிலிலும் இந்தத் தொற்றுக்கு வழி உண்டு. ஓட்டுநர்கள் மட்டும் தனிப்பிறவிகள் அல்ல. ஆனால் அரசும் தொண்டு நிறுவனங்களும் விழிப்புணர்வுப் பலகையை மாட்டியது லாரி நிற்கும் இடத்தில். தொற்று வந்து இறங்கிய வீட்டில் இருந்தவள் அந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு மாவட்டத்தில் எச்ஐவி எவ்வளவு என்று கணக்கிடக் கர்ப்பிணிகளின் ரத்தத்தைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். வேறு பரிசோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மிச்சமானதைப் பெயர் நீக்கிச் சோதிப்பார்கள். நூறு பேரில் ஒருவருக்கு மேல் இருந்தால் அது உயர் பாதிப்புப் பகுதி. பெயர் இல்லாததால் யாருடைய ரத்தம் என்று தெரியாது. ரத்தம் கொடுத்த கர்ப்பிணிக்கு முடிவும் போய்ச் சேராது. மாவட்டத்தின் நிலைமையை அரசுக்குச் சொன்ன ரத்தம், அவளுக்கு மட்டும் எதுவும் சொல்லவில்லை. உலகம் முழுக்க அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான் இது, நம்முடையது மட்டுமல்ல. கையில் மருந்தே இல்லாத காலத்தில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பும் அதில் இருந்தது.

மருந்தில்லாத அந்தக் காலத்தில்தான் நாமக்கல் பக்கத்துப் பெண்ணான கௌசல்யாவுக்கு 1995-ல் திருமணம் நடந்தது. கணவர் லாரி ஓட்டுநர். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தனக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. கணவரும் சீக்கிரமே இறந்துபோனார். பெயரையும் முகத்தையும் மறைக்காமல் அதை வெளியில் சொன்ன முதல் இந்தியப் பெண்களில் அவர் ஒருவர். 1998-ல் இன்னும் சில பெண்களுடன் சேர்ந்து சென்னையில் எச்ஐவி உள்ள பெண்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் மத்திய அரசின் நாரி சக்தி விருது அவருக்குக் கிடைத்தது. தாய்மார்களுக்கான சிகிச்சை இன்றிருக்கும் வடிவத்துக்கு வந்ததில், வெறும் 'கணவனால் பாதிக்கப்பட்டவள்' என்ற அனுதாபத்தோடு நிற்காமல் மருந்து கேட்டு மேசைக்கு வந்த இப்படிப்பட்ட பெண்களுக்குப் பங்கு உண்டு.

இனி தலைப்பிலுள்ள கேள்வி. வந்துவிடுமா? எந்தச் சிகிச்சையும் எடுக்காவிட்டாலும் எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை. வயிற்றில் இருக்கும்போது கொஞ்சம், பிரசவ நேரத்தில் தாயின் ரத்தமும் நீரும் படுவதால் அதிகம், பிறகு தாய்ப்பால் வழியாகக் கொஞ்சம். தாய் முறையாக மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால் இந்த ஆபத்து நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே போய்விடுகிறது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எடுப்பவர்களுக்கு இன்னும் நல்லது. எச்ஐவி இருக்கிறது என்பதற்காகவே வயிற்றைக் கிழிக்கவும் வேண்டியதில்லை. நம் நாட்டு வழிகாட்டுதலில் சுகப்பிரசவம்தான். மற்றவர்களுக்கு என்ன காரணத்துக்குச் சிசேரியனோ அதே காரணம் இருந்தால்தான் இவர்களுக்கும்.

இந்த இடத்துக்கு வர இருபது வருடம் பிடித்தது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், ஸிடோவுடின் என்ற ஒரே மருந்து தொற்றை நான்கில் ஒன்றிலிருந்து பன்னிரண்டில் ஒன்றாகக் குறைத்தது. ஆனால் அது மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய, விலை அதிகமான மருந்து. 1999-ல் உகாண்டாவிலிருந்து வந்த செய்திதான் ஏழை நாடுகளை நிமிர வைத்தது: பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, ஆபத்து பாதியாகக் குறைந்தது. இந்தியாவும் 2000-ல் சில மருத்துவக் கல்லூரிகளில் ஸிடோவுடினை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு இந்த நெவிரபின் முறைக்கு வந்தது.

மலிவு, சுலபம். குறை என்னவென்றால், தாய் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு எந்த மருந்தும் கிடையாது. குழந்தையைக் காப்பாற்றுவதற்கான ஒரு வழி என்று மட்டுமே அவளைப் பார்த்த திட்டம் அது. ஒரே ஒரு மாத்திரையால் அவள் உடம்பில் இருக்கும் வைரஸ் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிடும் அபாயமும் இருந்தது. 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை உள்ளிட்ட எட்டு இடங்களில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோதும் எல்லாக் கர்ப்பிணிக்கும் அது கிடைக்கவில்லை. உடம்பு மோசமானவர்களுக்குத்தான் தந்தார்கள். 2014-ல்தான் நாடு முழுக்க விதி மாறியது. இப்போது கர்ப்பிணி என்றால், எந்த நிலையில் இருந்தாலும் தொற்று உறுதியான உடனே மாத்திரை, பிரசவத்துக்குப் பிறகும் ஆயுள் முழுக்க. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று, காசில்லை.

மருந்து இருக்கிறது. பிறகு எங்கே பிசகுகிறது? கொங்கு நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கத்தில். கட்டுச்சோற்று விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பதிந்தது திருச்செங்கோட்டில், மாத்திரை வாங்கியது நாமக்கல்லில், பிரசவம் ஆத்தூரிலோ பெருந்துறையிலோ. 32 வாரத்துக்கு மேல் வைரஸ் அளவைப் பார்க்க வேண்டும். அந்த முடிவை வைத்துத்தான் குழந்தைக்கு ஒரு மருந்தா இரண்டா, ஆறு வாரமா பன்னிரண்டு வாரமா என்று தீர்மானிக்கிறார்கள். சரியாக அந்த வாரங்களில்தான் அவள் பெட்டி கட்டுகிறாள். எச்ஐவி மாத்திரை தரும் ஏஆர்டி மையத்தில் சொல்லி மாற்றல் வாங்கிக்கொண்டால் போகிற இடத்தில் மாத்திரை தடையில்லாமல் கிடைக்கும். ஆனால் மாற்றல் கேட்க, தாய்வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பல பெண்கள் அம்மாவிடமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

கர்ப்ப காலத்தில் ஒரு மறைவு உண்டு. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரைக்கு நடுவில் இன்னொரு மாத்திரையை யாரும் கேட்க மாட்டார்கள். பிரசவம் முடிந்து சில மாதங்களில் மற்றதெல்லாம் நின்றுபோகும், அது மட்டும் தனியாக நிற்கும். "இன்னும் என்ன மாத்திரை?" பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கர்ப்பத்தின்போது ஒழுங்காக எடுத்தவர்கள் பிரசவத்துக்குப் பிறகுதான் தவறவிடுகிறார்கள் என்று தெரிகிறது. பால் கொடுக்கும் மாதங்களும் அவைதான்.

பால் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் வீட்டுப் பெரியவர்கள் கை வைப்பார்கள். எச்ஐவி உள்ள தாய் பால் கொடுக்கக் கூடாது என்று ஊரில் இன்னும் நம்புகிறார்கள். மாத்திரை எடுக்கும் தாய் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் கொடுக்கலாம், தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். 'மட்டுமே' என்பதற்குக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், தாய்ப்பாலோடு வேறு பாலோ தண்ணீரோ கலந்து கொடுத்த குழந்தைகளுக்கே தொற்று அதிகம் வந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களுக்குக் குறைவு. மற்ற ஆகாரம் குடலின் மெல்லிய உட்சுவரைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழிவிடுகிறது என்பது விளக்கம். நம் வீட்டிலோ குழந்தை பிறந்ததும் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு ஒருவர் காத்திருப்பார், பிறகு உரை மருந்து, வசம்பு, கழுதைப்பால். எந்தக் குழந்தைக்கும் வேண்டாதது. இந்தக் குழந்தைக்கு ஆபத்து. ஆனால் காரணம் சொல்லாமல் சேனையைத் தடுக்க ஒரு மருமகளால் முடியுமா? 'எந்தக் குழந்தைக்கும் ஆறு மாசம் எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க' என்று நர்ஸம்மா எல்லார் காதிலும் விழும்படி பொதுவாகச் சொன்னால் அவள் தப்பிக்கலாம். இந்த மாதிரிச் சின்னச் சாமர்த்தியம் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

பிறந்த குழந்தைக்கு உடனே சொட்டு மருந்து தொடங்கும். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, வடிதாள் அட்டையில் அச்சிட்ட சின்ன வட்டங்களில் ரத்தத்தைச் சொட்டவிட்டு, காய வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பெரியவர்களுக்குப் பார்க்கும் பட்டைப் பரிசோதனை இங்கே உதவாது. தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் மாதக்கணக்கில் இருப்பதால் தொற்றே இல்லாத குழந்தைக்கும் கோடு விழும். அதனால் வைரஸின் மரபுப் பொருளையே தேடுகிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மறுபடி பார்த்து, பதினெட்டாம் மாதத்தில்தான் 'இல்லை' என்று கடைசியாக எழுதுவார்கள். ஆறாம் வார முடிவு நல்லபடியாக வந்ததும் பலர் அடுத்ததற்கு வருவதில்லை.

பரிசோதனையில் 'இல்லை' என்று வந்த தாயும் முழுக்கத் தப்பித்தவள் அல்ல. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ஏற்றிய ரத்தத்தால் எட்டு மாத கர்ப்பிணிக்கு எச்ஐவி வந்தது நினைவிருக்கலாம். முதல் பரிசோதனையில் அவருக்கு எதுவும் இல்லை. ரத்தம் கொடுத்த இளைஞரே தனக்குத் தொற்று இருப்பது தெரிந்து ஓடிவந்து சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது. உடனே கூட்டு மருந்து தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் மதுரையில் பிறந்த குழந்தைக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வரும் புதுத் தொற்றுதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் அப்போது ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்திலும் மருந்து குழந்தையைக் காத்தது. அங்கே வழி ரத்தம். இங்கே பெரும்பாலும் கணவர். அதனால்தான் ஆபத்து உள்ளவர்களுக்குக் கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். தொழில் காரணமாகக் கணவர் வெளியூரில் இருக்கிறார் என்று நர்ஸிடம் தயங்காமல் சொல்வது நல்லது.

மாநிலக் கணக்கு இன்று மிகவும் இறங்கிவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் ஒரு சதவீதத்தைத் தொட்டு நின்ற தமிழ்நாடு இப்போது 0.2 சதவீதம் அளவில் இருக்கிறது. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிற மாநிலம் இது. தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வது 99.6 சதவீதம். அப்படி இருந்தும், தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றை 2019 டிசம்பரில் வாங்கியது பக்கத்திலுள்ள இலங்கை; இந்தியா இன்னும் வாங்கவில்லை. அங்கே தொற்று எப்போதும் குறைவு என்பது உண்மை. ஆனால் ஊர்ச் சுகாதார மருத்துச்சி பதிவேட்டிலிருந்து ஒரு தாயும் நழுவாத பழைய ஏற்பாடு அங்கே உண்டு என்பதும் உண்மை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டப்படி, சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது. வேண்டாம் என்றும் ஒருவர் சொல்லலாம். முடிவை மாமியாரிடமோ அண்ணனிடமோ சொல்லக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டிப் பிரசவம் பார்க்க மறுப்பது தனியார் மருத்துவமனைக்கும் சட்டவிரோதம். மறுத்தால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம்.

தொற்று உறுதியான கர்ப்பிணியின் கணவரையும் மூத்த பிள்ளைகளையும் அழைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் வழிகாட்டுதலில் உண்டு. பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கணவர் அந்நேரம் நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருப்பார். எந்த மாநிலத்தில் வண்டி நின்றாலும் அங்குள்ள அரசு மருத்துவமனையில் இதே பரிசோதனை இலவசம்; நம் ஊர்களில் அதற்கு நம்பிக்கை மையம் என்று பெயர். இடம் தெரியாவிட்டால் 1097-க்கு அழைத்துக் கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.