மருத்துவப் பதிவும் கைப்பேசி நாட்காட்டியும்: பாதுகாப்பாக இணைக்கும் முறை

உயர் இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்று வந்த ஒரு தாயார், சங்கரன்கோவில் வட்டாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து மாதந்தோறும் மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்தார். ஒரு மாதம் வரவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்து, வலது கை தளர்ந்து, பேச்சுக் குழறிய நிலையில் அவரை அழைத்து வந்தனர். அவர் வர வேண்டிய நாள் கணினிப் பதிவில் சரியாகவே இருந்தது. நினைவூட்டும் குறுஞ்செய்தியும் சென்றிருந்தது. ஆனால் பதிவில் இருந்த எண் அவருடைய மகனுடையது. மகன் திருப்பூரில் பின்னலாடை வேலையில் இருந்தார். பல விளம்பரச் செய்திகளுக்கு நடுவே வந்த அந்தச் செய்தியை அவர் கவனிக்கவில்லை.

மருத்துவமனையின் பதிவுக்குத் தெரிந்த நாள், நோயாளியின் வீட்டுக்குத் தெரியாமல் போனதே இங்கு நேர்ந்த குறை. அந்த இடைவெளியை நிரப்பும் எளிய வழியை இக்கட்டுரை விளக்குகிறது. நாள்களைக் கைப்பேசியின் நாட்காட்டியிலும், எண்களைத் தொடர்புகள் பட்டியலிலும் சேர்த்துவைப்பதே அவ்வழி.

பதிவுகள் எங்கே உள்ளன?

தமிழ்நாட்டில் சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் நோய்க்கேற்பப் பல தரவுத்தளங்களில் பதியப்படுகின்றன. கருவுற்ற தாய்மார்களுக்குப் ‘பிக்மி’ பதிவு உண்டு. காசநோயாளிகள், அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும் தனியாரிடம் பெற்றாலும், ‘நிக்ஷய்’ தளத்தில் பதியப்படுகின்றனர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோருக்கு வீட்டிலேயே மருந்து வழங்கப்படுகிறது.

இவற்றோடு, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் ‘ஆபா’ என்னும் 14 இலக்க எண் வழங்கப்படுகிறது. இந்த எண்ணைப் பெறுவது அவரவர் விருப்பம். இது காப்பீட்டு அட்டை அன்று. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நீங்கள் ஒப்புதல் அளித்தால் மட்டுமே மற்றொரு மருத்துவர் அவற்றைப் பார்க்க இயலும்.

முதலில் சரிபார்க்க வேண்டியது

எந்த இணைப்புக்கும் முன், பதிவில் உள்ள கைப்பேசி எண் யாருடையது என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, “என் பதிவில் எந்த எண் இருக்கிறது?” என்று பதிவு செய்யுமிடத்தில் கேளுங்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்பவரின் எண்ணாக அது இருப்பது நல்லது. எண்ணை மாற்றினாலோ, சிம் அட்டை செயலிழந்தாலோ உடனே தெரிவிக்க வேண்டும். கைவிடப்பட்ட எண் சில காலத்துக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்போது உங்கள் நோய் பற்றிய செய்தி அறிமுகமில்லாத ஒருவருக்குச் சென்று சேரும்.

நாட்காட்டியில் சேர்ப்பது எப்படி?

செயலியில் உள்ள நாள் நாட்காட்டிக்கு வந்து சேர இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது ஒத்திசைவு. செயலியும் நாட்காட்டியும் தொடர்பிலேயே இருக்கும். செயலியில் நாள் மாறினால் நாட்காட்டியிலும் மாறும்.

இரண்டாவது நகல். செயலி ஒரு முறை நாளை நாட்காட்டிக்கு அனுப்பும், அல்லது நீங்களே கையால் எழுதுவீர்கள். பின்னர் மருத்துவமனை நாளை மாற்றினால் நாட்காட்டியில் பழைய நாளே நிற்கும்.

பல செயலிகளில் உள்ள ‘நாட்காட்டியில் சேர்’ என்னும் பொத்தான் நகலை மட்டுமே எடுக்கிறது. எனவே ஒவ்வொரு முறை மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், சிகிச்சைக் கையேட்டில் எழுதப்பட்ட நாளும் நாட்காட்டியில் உள்ள நாளும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் கையேட்டில் உள்ள நாளையே பின்பற்றுங்கள். ஐயம் இருந்தால் மருத்துவமனையில் கேளுங்கள்.

கையால் எழுதும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. மாத்திரை தீரும் நாளுக்கு ஒரு நினைவூட்டலும், அதற்கு 3 நாள்கள் முன்னதாக மற்றொன்றும் வையுங்கள். தீர்ந்த பிறகு ஒலிக்கும் மணியால் பயனில்லை. ஆடித்தபசு போன்ற விழா நாள்களில் ஊருக்குள் போக்குவரத்து நெரிசல் மிகும். அந்நாள்களில் மாத்திரை தீருமானால், முன்கூட்டியே வந்து பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. 30 நாள்களுக்கு மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால் ‘30 நாள்களுக்கு ஒருமுறை’ என்று அமையுங்கள். ‘மாதந்தோறும் 31ஆம் தேதி’ என்று அமைத்தால், 31ஆம் தேதி இல்லாத மாதங்களைப் பல நாட்காட்டிச் செயலிகள் தாண்டிச் சென்றுவிடும். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களில் மணி ஒலிக்காது.

3. குழந்தையின் தடுப்பூசி நாள்கள் சீரான இடைவெளியில் வருவன அல்ல. 6, 10, 14 வாரங்களிலும், 9 மாதம் நிறைந்த பின்னும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் தடுப்பூசிகள் உண்டு. பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே பதியுங்கள்.

4. தினமும் மாத்திரை உண்ணும் நேரத்துக்கு நாட்காட்டியைவிடக் கைப்பேசியின் அலாரமே ஏற்றது. நாட்காட்டி நினைவூட்டல் ஒரு முறை ஒலித்து அடங்கிவிடக்கூடும். அலாரம் நீங்கள் நிறுத்தும்வரை சற்று நேரம் தொடர்ந்து ஒலிக்கும்.

5. சில கைப்பேசிகளில் பேட்டரி சேமிப்பு அமைப்பு, செயலிகளின் நினைவூட்டலைத் தடுத்துவிடுகிறது. எனவே அடுத்த 10 நிமிடத்துக்கு ஒரு சோதனை நினைவூட்டல் வைத்து, திரையை அணைத்துவிட்டு, அது ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

தொடர்புகளில் சேர்க்க வேண்டியவை

மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் தன்னார்வலர் ஆகியோரின் எண்களைப் பெயரிட்டுச் சேமியுங்கள். பெயரில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பலர் எடுப்பதில்லை. ‘மாத்திரை தயாராக உள்ளது’ என்று சொல்ல வரும் அழைப்பும் இவ்வாறு தவறிப்போகிறது.

104 என்பது தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை எண். 108 என்பது அவசர ஊர்தி எண். கைப்பேசி பூட்டப்பட்டிருந்தாலும் அவசர அழைப்பு வழியாக 108, 112 ஆகியவற்றை அழைக்க இயலும்.

எண்களைச் சிம் அட்டையில் சேமித்தால் பெரும்பாலும் பெயரும் எண்ணும் மட்டுமே இருக்கும். சிம் தொலைந்தால் அவையும் போய்விடும். கைப்பேசியின் மின்னஞ்சல் கணக்கில் சேமித்தால், புதிய கைப்பேசி வாங்கும்போது அனைத்தும் திரும்பக் கிடைக்கும்.

பெரும்பாலான திறன்பேசிகளில் அவசரகாலத் தகவல் என்னும் பகுதி உண்டு. இரத்த வகை, ஒவ்வாத மருந்து, தற்போது உட்கொள்ளும் மருந்துகள், அழைக்க வேண்டிய உறவினர் ஆகியவற்றை அதில் நிரப்பலாம். நோயாளி நினைவிழந்திருந்தாலும், கடவுச்சொல் இல்லாமலே பூட்டிய திரையிலிருந்து உடனிருப்பவர் இவற்றைப் படிக்கும்படி அமைத்துவைக்க முடியும். எனவே பிறர் அறிவதை நீங்கள் விரும்பாத விவரத்தை இதில் எழுதுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்.

அனுமதி கொடுப்பதற்கு முன்

ஒரு செயலி ‘நாட்காட்டியைப் பார்க்க அனுமதிக்கவா?’, ‘தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா?’ என்று கேட்கும். இவ்விரண்டும் ஒன்றல்ல. நாட்காட்டி அனுமதியால் உங்கள் நாள்கள் அச்செயலிக்குத் தெரியவரும். தொடர்புகள் அனுமதியால் உங்கள் பட்டியலில் உள்ள அனைவரின் பெயரும் எண்ணும் அதற்குத் தெரியவரும். அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை. மாத்திரை நேரத்தை மட்டும் நினைவூட்டும் செயலிக்குத் தொடர்புகள் பட்டியல் தேவையில்லை. அத்தகைய அனுமதியை மறுத்தாலும் நல்ல செயலி தன் வேலையைச் செய்யும். முன்பே கொடுத்துவிட்ட அனுமதியைக் கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில் திரும்பப் பெறலாம்.

நினைவூட்டலுக்கு வைக்கும் தலைப்பிலும் கவனம் தேவை. அது பூட்டிய திரையிலும் தோன்றும். பேருந்திலோ தறிக்கூடத்திலோ பக்கத்தில் இருப்பவர் படிக்கலாம். ‘காசநோய் மாத்திரை’ என்று எழுதாமல் ‘காலை 8 மணி’ என்று எழுதினாலே போதும். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் நிலையை அவர்தம் ஒப்புதலின்றி வெளிப்படுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அந்தச் சட்டம் காக்கும் இரகசியத்தை, கவனக்குறைவாக வைத்த ஒரு தலைப்பு வெளிப்படுத்திவிடக் கூடாது. குடும்பத்தாருடன் பகிரும் நாட்காட்டிக்கும் இது பொருந்தும்.

ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். ‘ஆபா எண்ணை இணைக்கிறோம்’ என்று கூறிக் கேட்டாலும் சொல்ல வேண்டாம். பணம் இழந்திருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே முறையிடலாம்.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளியிடம் திறன்பேசி இல்லையெனில், அவரோடு வசிப்பவரின் கைப்பேசியில் நாள்களைப் பதியலாம். பட்டன் போனிலும் அலாரம் உண்டு. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ அதே நாளைத் தம் நாட்காட்டியிலும் பதிந்து, அன்று மாலை “மாத்திரை வாங்கியாயிற்றா, அம்மா?” என்று ஓர் அழைப்பு விடுத்தால், அது எந்தச் செயலியையும்விடப் பயனுள்ளது.

மணி ஒலித்ததும் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்வது பலருக்கும் பழக்கமாகிவிடுகிறது. மணியை நிறுத்தியது மாத்திரை உண்டதற்குச் சான்றாகாது. வாரம் ஒருமுறை மீதமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். வளர்ந்த நாடுகளில்கூட நீண்டகால நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரே மருந்தை முறையாகத் தொடர்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. மறதி எவருக்கும் வரும். அதற்காக நோயாளியைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

நினைவூட்டல் தவறிவிட்டால்

ஒரு வேளை மாத்திரை விடுபட்டால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்து உண்ண வேண்டாம். மருத்துவரிடமோ 104 எண்ணிலோ கேட்டு அதன்படி செய்யுங்கள். இன்சுலின் அளவை நீங்களாக மாற்றக் கூடாது. மருத்துவமனைக்கு வர வேண்டிய நாள் தவறியிருந்தால், எத்தனை நாள் கடந்திருந்தாலும் வாருங்கள். தாமதமாக வருவதற்குக் கூச்சப்பட்டு வராமலே இருப்பதுதான் பெருந்தீங்கு. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

• சிகிச்சைக் கையேட்டை எடுத்து, அடுத்து வர வேண்டிய நாளை நாட்காட்டியில் பதியுங்கள்.
• மருத்துவமனை, செவிலியர், 104, 108 ஆகிய எண்களைப் பெயரிட்டுச் சேமியுங்கள்.
• அவசரகாலத் தகவல் பகுதியை நிரப்புங்கள்.
• தேவையற்ற செயலிகளுக்குக் கொடுத்த தொடர்புகள் அனுமதியைத் திரும்பப் பெறுங்கள்.
• பதிவில் உள்ள எண் சரியானதா என்று அடுத்த முறை வரும்போது கேளுங்கள்.

கைப்பேசி பழுதாகலாம், தொலையலாம். ஆகவே சிகிச்சைக் கையேட்டை எப்போதும் பத்திரமாக வைத்திருந்து, மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் தவறாமல் கொண்டு வாருங்கள்.