உண்டியலில் இட்ட கையொப்பம்

நீதிமன்றத்தை விட்டு எழுத்துலகம் புகுந்த நியாயவாதிகள் பலர். அவருட் சிலர் எழுதுவதோடு அமையாது, அச்சகமும் பதிப்பகமும் நடத்தத் துணிந்தனர். ஸ்கொட்லாந்து தேசத்து வால்டர் ஸ்கொட் அத்தகையவர். 'ஐவன்ஹோ'வைப் பள்ளியிற் படித்த நேயர்களும் அவரை ஒரு கடனாளியாக எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஸ்கொட் 1792இல் எடின்பரோவில் நியாயவாதியானார். 1806இல் நீதிமன்றப் பதிவாளர் பதவி கிடைத்ததும் வழக்குரைப்பதைக் கைவிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, பள்ளித் தோழர் ஜேம்ஸ் பலன்டைனின் அச்சகத்தில் மறைவான பங்காளியாகியிருந்தார். அத்தோழரும் சட்டத்தொழிலைத் துறந்தவரே! 1809இல் பதிப்பகமும் தோன்றியது. நீதித்துறையினர் வணிகஞ் செய்தல் இழுக்கெனக் கருதப்பட்ட காலம். ஆதலின் ஸ்கொட்டின் பெயர் வெளிவரவில்லை.

அக்காலப் புத்தக வணிகம் ரொக்கத்தில் நடந்ததன்று; உண்டியலில் நடந்தது. பதிப்பாளர் சில மாதத் தவணையில் உண்டியல் எழுதிக்கொடுப்பார். அச்சகத்தார் அதனை வங்கியிற் கொடுத்து, வட்டங் கழித்துப் பணம் பெறுவர். தவணை வந்ததும் வேறோர் உண்டியல் எழுதிப் பழையதைத் தீர்ப்பர். ஒருவர் உண்டியலுக்கு மற்றவர் கையொப்பமிட்டுப் பிணை நிற்பதும் உண்டு. எழுதப்படாத நாவல்களுக்கும் ஸ்கொட் இவ்வாறு முன்பணம் பெற்று, நிலம் வாங்கினார். அபட்ஸ்பேட் என்னும் மாளிகை எழுப்பினார்.

பங்காளியானவன் தான் இட்ட முதலுக்கு மட்டுமன்றித் தன் உடைமை முழுவதாலும் கடனுக்குப் பொறுப்பாளி என்பது அன்றைய சட்டம். சட்டங் கற்ற ஸ்கொட் இதனை மறந்தாரோ? மறந்தாரல்லர், தம் பேனா என்றும் ஓயாது என்று நம்பினார் என்றே யான் கருதுகின்றேன்.

1826 சனவரியில் இலண்டன் வணிகர் முதலில் வீழ்ந்தனர். அவரோடு பிணைந்திருந்த பதிப்பாளர் கொன்ஸ்டபிளும், பின்னர் பலன்டைன் அச்சகமும் வீழ்ந்தன. ஸ்கொட்டின் தலையில் விழுந்த கடன் ஏறத்தாழ 1,20,000 பவுண். வங்குரோத்து மனுச் செய்து விடுபடச் சட்டம் வழி தந்தது. அவரோ தம் உடைமையையும் இனி எழுதும் நூல்களின் வருவாயையும் தருமகர்த்தாக்களிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு மே மாதத்தில் மனைவியும் இறந்தார், எழுத்து நிற்கவில்லை. நெப்போலியன் வரலாறு 1827இல் ஒன்பது பாகங்களாக வெளிவந்தது.

1830இல், பெருந்தொகை திரும்பக் கிடைத்தமை கண்ட கடன்காரர், அவருடைய நூல்நிலையத்தையும் தளபாடங்களையும் அவருக்கே பரிசாக அளித்தனர். 1832இல் அவர் காலமானார். எஞ்சிய கடனை அவர் நூல்களின் பதிப்புரிமை தீர்த்தது.