மீல் மேக்கர் மீது ஒரு வழக்கு!

"சார், மீல் மேக்கர் சாப்பிட்டா ஆம்பளைக்கு ஆகாதாமே... நெசமா?"

சேவூர் டீக்கடையில் ஒரு பட்டுத்தறி இளைஞர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். செல்போனில் வந்த வீடியோவாம். பக்கத்தில், ஆரணி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆபீஸ்காரரும் காதைத் தீட்டிக்கொண்டார்! நான் படித்தது பி.காம்.தான். ஆனாலும் வழக்கு என்று வந்தால் கணக்குப் பார்த்துவிட வேண்டாமா?

குற்றவாளியின் பெயர் ஈக்வால். 1932-ல் மேரியன், ஹேசல்வுட் என்ற இருவர் கர்ப்பிணிக் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். குதிரையை வைத்தே பெயர்!

1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் புல்லை மேய்ந்த பெண் ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. ஆட்டின் வயிற்றில் அந்தப் புல்லிலிருந்து உண்டானதும் இதே ஈக்வால்தான். பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜனின் சாயல் இதற்குக் கொஞ்சம் உண்டு. பயத்தின் விதை இங்கேதான்.

சரி, சோயாவில் ஈக்வால் இருக்கிறதா? இல்லை! இருப்பது டைட்சீன் என்ற பொருள். அதை ஈக்வாலாக மாற்றுவது நம் குடலில் குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள். எல்லார் குடலிலும் அவை இருப்பதில்லை. மேல்நாடுகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு. ஜப்பானில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. ஒரே பட்டு நூலைக் கொடுத்தாலும் ஜக்கார்டு பெட்டி உள்ள தறியில்தானே பெரிய பூ விழும்? அந்த மாதிரி!

ஆய்வுக்கூட எலிகளோ ஏறக்குறைய எல்லாமே ஈக்வால் தயாரிப்பவை. அதனால் எலிக்கு நடந்ததை மனுஷன் தலையில் அப்படியே கட்ட முடியாது. இன்னொரு விஷயம். ஈக்வாலில் வலக்கை, இடக்கை மாதிரி இரண்டு வடிவங்கள் உண்டு. குடல் பாக்டீரியா தயாரிப்பது ஒன்றை மட்டும்தான். ரசாயன முறையில் செய்தால் பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும். ஆராய்ச்சிக்கு எந்தப் புட்டி என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆண்கள் விஷயம்? 41 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான கட்டுரை, சோயாவால் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை என்கிறது.

ஆகவே பிரியாணியில் மீல் மேக்கரைப் பொறுக்கி ஓரம் கட்டாதீர்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள், சோயா ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் டாக்டரைக் கேளுங்கள். மற்றவர்களுக்கு... வழக்கு தள்ளுபடி!